தரைக்கு அடியில ஹீட்டிங் மேட் போடப் போறீங்களா? முதல்ல மீட்டரைக் கையில எடுங்க

எலக்ட்ரீஷியன் வேலையில எத்தனையோ விதமான ஃபால்ட் பாத்துட்டேன், ஆனா மனசு ரொம்ப சங்கடப்படுறது தரைக்கு அடியில போட்ட ஹீட்டிங் கெட்டுப்போன வீட்டுக்குப் போகும்போதுதான். சுவிட்ச் போச்சுன்னா கழட்டி மாத்திடலாம், ஃபேன் போச்சுன்னா காயில் கட்டிடலாம், இது அப்படி இல்ல, டைலுக்குக் கீழ பசையோட சேர்ந்து கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும். வீட்டுக்காரர் லீவு போட்டு, வீடியோ பாத்துப் பாத்து, தன் கையாலயே ஒவ்வொரு டைலா ஒட்டியிருப்பாரு. அவர்கிட்ட "இதை உடைச்சாதாங்க தெரியும்"னு சொல்ல வாயே வராது.

அப்படித்தான் ஒரு பாத்ரூம். 4 சதுர மீட்டர் மேட், அதாவது வலையில கோர்த்த ஹீட்டர் வயர். சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்ல லைட் எரியுது, சூடாகிட்டு இருக்குன்னு காட்டுது, தரை மட்டும் ஜில்லுனு கிடக்கு. பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டு தெர்மோஸ்டாட்டைக் கழட்டி, மேட்டுல இருந்து வர்ற ரெண்டு வயர்லயும் மல்டிமீட்டரை வச்சா ஓபன், உள்ள எங்கயோ வயர் அறுந்திருக்கு. "ஒட்டுறதுக்கு முன்னாடி வயரோட ரெசிஸ்டன்ஸ் எத்தனை ஓம் இருந்துச்சு?"னு கேட்டேன், அளக்கணும்னே எனக்குத் தெரியாதுங்கன்னாரு. டப்பாவோட வந்த அட்டையை எடுத்துக் காட்டினாரு, அதுல அளந்து எழுதுறதுக்குன்னே மூணு கட்டம் அச்சடிச்சிருந்துச்சு, மூணும் காலி. அந்தக் காலிக் கட்டத்தைப் பாத்ததுல இருந்துதான் இதை எழுதியே ஆகணும்னு தோணிட்டே இருந்துச்சு.

கணக்கு ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. மேட்டுல சதுர மீட்டருக்கு 150 வாட்ஸ்னு போட்டிருந்தா 4 சதுர மீட்டருக்கு 600 வாட்ஸ், சப்ளை 230 வோல்ட்டுன்னா 230ஐ 230ஆல பெருக்கி 600ஆல வகுங்க, கிட்டத்தட்ட 88 ஓம் வரும். மேட்டோட லேபிள்லயே இந்த ஓம் எழுதியிருக்கும், பெரும்பாலும் 5 சதவீதம் கீழ, 10 சதவீதம் மேல வரைக்கும் இருக்கலாம்னு சொல்லியிருப்பாங்க. டப்பாவைப் பிரிச்ச உடனே ஒரு தடவை, விரிச்சு ஒட்டின பிறகு ஒரு தடவை, டைல்ஸ் போட்டு முடிச்ச பிறகு ஒரு தடவை அளந்து தேதியோட எழுதுங்க. முதல் தடவை தப்பா காட்டினா கடையில மாத்திக்கலாம், ரெண்டாவது தடவை தப்பா காட்டினா சுருட்டி எடுத்துடலாம், மூணாவது தடவைதான் முதல் தடவையா அளக்குறீங்கன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. நிறைய கம்பெனியில இந்த அட்டை நிரப்பலைன்னா வாரண்டியும் கிடையாது.

ஆனா ஓம் மட்டும் சரியா இருந்தா போதாது, இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. இன்னொரு வீட்ல மீட்டர் கரெக்டா காட்டிச்சு, ஆனா ஆன் பண்ணா ஆர்சிடி, அதாவது கரண்ட் கசிஞ்சா சப்ளையைத் துண்டிக்கிற சுவிட்ச், டக்குனு விழுந்துடும். உள்ள இருக்குற சூடாகுற கம்பி அறுபடல, மேல இருக்குற இன்சுலேஷன்ல மட்டும் ஒரு கீறல், ஈரப் பசை அதுக்குள்ள இறங்கி கம்பிக்கும் அதைச் சுத்தி இருக்குற எர்த் பின்னலுக்கும் நடுவுல பாதை போட்டுடுச்சு. சாதாரண மல்டிமீட்டர் இதைப் பல நேரம் காட்டாது, இன்சுலேஷனைச் சோதிக்கிற மெகர்ங்கிற மீட்டர் வச்சு 500 வோல்ட்ல பாத்தாதான் தெரியும். மெகர் இல்லைன்னா அந்த மூணு நேரத்துக்கும் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பாத்துக்குங்க, அரை மணி நேர வேலைதான். மெகர் வைக்கும்போது தெர்மோஸ்டாட் கண்டிப்பா கழட்டியிருக்கணும், இல்லைன்னா அதோட எலக்ட்ரானிக்ஸ் அடிவாங்கிடும்.

கீறல் எப்படி விழுதுன்னா, பல்லு வச்ச இரும்புக் கரணையால பசையை இழுக்கும்போது விழும், பக்கெட்டை மேட் மேல பொத்துனு வைக்கும்போது விழும், வெறும் மேட் மேல ஷூ போட்டு நடந்தா விழும். நான் அதிகமா பாத்தது இன்னொண்ணு, டைல்ஸ் ஒட்டி முடிச்சு மறுநாள் இடுக்குல பிதுங்கி நிக்கிற பசையைப் பிளேடால சுரண்டுவாங்க பாருங்க, அந்த பிளேடு நேரா வயர்ல இறங்கும். பிளாஸ்டிக் கரணை வச்சு இழுங்க, பிதுங்குன பசையை ஈரமா இருக்கும்போதே துடைச்சிடுங்க. வேலை நடக்கும்போது வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ சத்தம் போடுற சின்ன அலாரம் டப்பா கிடைக்குது, அதை மாட்டிட்டு வேலை பண்ணா அறுந்த நொடியே தெரிஞ்சுடும், அப்போ பசை ஈரம்தான், ஒரு டைலை எடுத்தா போதும்.

இனி விரிக்கிறதைப் பத்தி. ஹீட்டர் வயரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வெட்டாதீங்க. மேட் மூலையில திரும்பணும்னா அந்த வலையை மட்டும் வெட்டித் திருப்பணும், வயர் முழுசா அப்படியே இருக்கணும். நீளம் மிஞ்சிடுச்சேன்னு வெட்டினா ஓம் குறையும், ஓம் குறைஞ்சா கரண்ட் கூடும், ஒவ்வொரு மீட்டர் வயரும் தாங்குறதை விட அதிகமா சூடாகும். அதனால மேட் வாங்கும்போது ரூமோட மொத்த அளவை எடுக்காம, அசையாத அலமாரி, டாய்லெட், தொட்டி எல்லாம் போக காலியா நிக்கிற தரையை மட்டும் அளந்து, கொஞ்சம் கம்மியாவே வாங்குங்க. அலமாரிக்கு அடியில போனா சூடு வெளிய வர வழியில்லாம அங்கயே தேங்கி வயர் கருகும். வயர் மேல வயர் ஏறக் கூடாது, சுருட்டின நிலையில டெஸ்ட் பண்றேன்னு ஒரு நிமிஷம் கூட கரண்ட் குடுக்கக் கூடாது. கீழ கான்கிரீட்டா இருந்தா 6 இல்ல 10 மில்லிமீட்டர் இன்சுலேஷன் போர்டு போட்டுட்டு அது மேல விரிங்க, அது இல்லைன்னா பாதி சூடு கீழ கான்கிரீட்டைக் காய வைக்கத்தான் போகும், தரை சூடாக ரொம்ப நேரம் எடுக்கும், கரண்ட் பில்லும் ஏறும்.

சூடாகுற வயரும் சாதா சப்ளை வயரும் சேர்ற ஜாயின்ட் ஒண்ணு மேட்லயே வரும், அது வயரை விடத் தடியா இருக்கும். நிறைய பேர் அது டைலைத் தூக்குதுன்னு சுவத்துக்குள்ள பைப்ல தள்ளிடுறாங்க. பெரிய தப்பு. அந்த ஜாயின்ட்டும் சூடாகுற வயர் முழுசும் பசைக்குள்ள தரையிலதான் இருக்கணும், காத்துல நிக்கிற ஹீட்டர் வயர் தன் சூட்டைக் குடுக்க இடமில்லாம எரிஞ்சு போகும். தரையில ஒரு சின்ன பள்ளம் வெட்டி ஜாயின்ட்டை அதுல உக்கார வைங்க, வளைக்காம.

தரையோட சூட்டை அளந்து தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்ற சென்சார் வயரை நேரா பசையில புதைச்சிடாதீங்க, அது கெட்டுப்போனா மாத்த முடியாது. சின்ன பைப்ல விட்டு, பைப்போட நுனியை டேப் போட்டு அடைச்சு, ரெண்டு ஹீட்டர் வயருக்கு நட்ட நடுவுல வைங்க. வயரை ஒட்டி வச்சா தரை சூடாகுறதுக்குள்ள தெர்மோஸ்டாட் கட் பண்ணிடும். மேட்டே இல்லாத இடத்துல வச்சா அதை விட மோசம், சூடே தெரியாம அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். மேல மரத்தரை வருதுன்னா பொதுவா 27 டிகிரிக்கு மேல போக விட மாட்டாங்க, அந்த லிமிட்டை தெர்மோஸ்டாட்ல மறக்காம செட் பண்ணுங்க.

வயரிங்ல நான் பாத்த தப்புல ஒண்ணைச் சொல்லியே ஆகணும். பெரிய ரூமுக்கு ஒரே அளவுல ரெண்டு மேட் வாங்கி, ஒண்ணோட வயரை இன்னொண்ணோட சேர்த்து சீரிஸ்ல, அதாவது ஒரே வரிசையில, குடுத்துட்டாரு ஒருத்தர். தரை லேசா வெதுவெதுன்னு இருக்கு, மேட் மட்டமான சரக்குன்னு நினைச்சு மூணு மாசம் கம்பெனியோட சண்டை. சீரிஸ்ல ஒவ்வொரு மேட்டுக்கும் பாதி வோல்ட்தான் கிடைக்கும், சூடு கால்வாசிதான் வரும். ரெண்டையும் பேரலலா, ஒவ்வொண்ணுக்கும் நேரா சப்ளை போற மாதிரி மாத்தினேன், அரை மணி நேரத்துல தரை சூடாயிடுச்சு. இதுக்கு நேர் எதிரா, 120 வோல்ட் மேட்டை 240ல குடுத்தா நாலு மடங்கு வாட்ஸ் இழுத்துக் கருகிடும், லேபிளைப் படிக்காம கை வைக்காதீங்க.

தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 16 ஆம்ப்ஸ், 230 வோல்ட்ல சுமார் 3,600 வாட்ஸ் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல போனா நடுவுல கான்டாக்டர், அதாவது அதிக கரண்டைத் தாங்குற சுவிட்ச், போடணும். மேட்டோட எர்த் பின்னல் ரொம்ப மெல்லிசா இருக்கும், தெர்மோஸ்டாட்ல எர்த் டெர்மினல் இல்லையேன்னு அதை வெட்டி விட்டுட்டுப் போனதைக் கண்ணால பாத்திருக்கேன், உடம்பே பதறிடுச்சு. டெர்மினல் இல்லைன்னா தனி கனெக்டர் போட்டு சப்ளை எர்த்தோட சேருங்க. 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிடி கட்டாயம், ஐஇசி 60364ங்கிற சர்வதேச வயரிங் தரநிலையில இந்த மாதிரி ஹீட்டிங்குக்குன்னே 753ன்னு தனிப் பகுதி இருக்கு, அதுவும் இதைத்தான் சொல்லுது. பாத்ரூம்னா தெர்மோஸ்டாட்டை வெளிய சுவத்துல வைங்க. விரிக்கிறதும் ஒட்டுறதும் நீங்களே தாராளமா பண்ணலாம், போர்டுல சேர்க்குற வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ளவர்கிட்ட விடுங்க, பல நாட்டுல சட்டமே அப்படித்தான், அதுவும் வெறுங்காலோட ஈரத் தரையில நிக்கப் போறது உங்க குழந்தைங்க.

டைல்ஸ் போட்ட ஆசையில உடனே ஆன் பண்ணாதீங்க. பசை தானா காயணும், பாக்கெட்ல எத்தனை நாள்னு போட்டிருக்கோ அத்தனை நாள், தரையில புதுசா கனமா சிமென்ட் போட்டிருந்தா நாலு வாரம் கூட ஆகும். சூடு குடுத்துக் காய வச்சா பசை வெடிச்சு டைல் தட்டுனா டொக்குனு சத்தம் வரும். முதல் தடவை ஆன் பண்ணும்போதும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

கடைசியா ஒரு வீடு. போட்டு ரெண்டு வருஷம் நல்லா ஓடுச்சு, யாரோ வந்து கதவுக்கு ஸ்டாப்பர் வைக்க தரையில டிரில் போட்டாங்க, ஆர்சிடி விழுந்துச்சு, திரும்ப நிக்கவே இல்ல. அந்தம்மா ஃபோன எடுத்து ஒரு ஃபோட்டோ காட்டினாங்க. டைல்ஸ் ஒட்டுறதுக்கு முந்தின நாள், மேட் விரிச்ச தரை, சுவத்துல இருந்து வயருக்கு டேப் பிடிச்சு அளவு தெரியுற மாதிரி எடுத்தது. அதே ஃபோட்டோவை பிரின்ட் எடுத்து, மூணு ரீடிங்கையும் பக்கத்துல எழுதி, மெயின் போர்டு கதவுக்கு உள்பக்கம் ஒட்டியும் வச்சிருந்தாங்க. ஓட்டையில இருந்து சுவத்துக்கு அளந்து பாத்தோம், சரியா வயர் மேல. ஒரே ஒரு டைலை எடுத்தேன், ரிப்பேர் கிட் போட்டு ஜாயின்ட் பண்ணி, மீட்டர் வச்சேன், அட்டையில எழுதியிருந்த அதே ஓம், மெகரும் சுத்தம். சாயங்காலமே டைலைத் திரும்ப ஒட்டிட்டுக் கிளம்பினேன்.