இன்ஃபார்ம்டு கன்சென்ட்: அறிந்து தரும் இசைவு

உளவியல் ஆய்வுக்கு வருபவரிடம், ஆய்வு எதற்காக, எவ்வளவு நேரம், என்ன தொல்லை நேரலாம், சொல்லும் விடைகள் யார் கையில் இருக்கும், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம் என்பதையெல்லாம் புரியும்படி சொன்ன பிறகு அவர் தரும் சம்மதமே இன்ஃபார்ம்டு கன்சென்ட்.

கன்சென்ட், இலத்தீன் வழி வந்த சொல். சேர்ந்து உணர்தல் என்பது அதன் வேர்ப்பொருள். வடமொழியிலிருந்து வந்த சம்மதத்திற்கு ஒத்து எண்ணுதல் என்று பொருள். தமிழின் இசைவு எனக்கு இவ்விரண்டையும்விட நெருக்கமானது. பாட்டுக்கும் மனம் பொருந்துவதற்கும் இசை என்ற ஒரே அடிச்சொல். ஒப்புதலும் நல்ல சொல்தான். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்வதும், ஒப்புக்குச் செய்வதும் அதன் பக்கத்திலேயே நிற்கின்றன.

ஒருவரின் சம்மதம் தானாக முன்வந்து தருவதாக இருக்க வேண்டும் என்று 1947-இல் நியூரம்பெர்க் நெறிமுறை வலியுறுத்தியது. மனிதர்கள்மீது கொடிய சோதனைகள் நடத்திய நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கில் பிறந்த நெறிமுறை அது. 'இன்ஃபார்ம்டு' என்ற அடையுடன் இத்தொடர் 1957-இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இடம்பெற்றது.

அந்த அடை ஏன் வேண்டும்? 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையைப் பாருங்கள். நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்று நம்பித்தான் மக்கள் வந்தார்கள். உண்மையில் சோதிக்கப்பட்டது அவர்களுடைய கீழ்ப்படிதல். அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ச்சி போலி என்பது அவர்களுக்குத் தெரியாது. தயங்கியவர்களிடம், வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்டது. முதலில் வெளியான முடிவின்படி, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். வியர்த்தார்கள், நடுங்கினார்கள். வருவதற்குச் சம்மதித்தவர்கள்தான், எதற்குச் சம்மதித்தோம் என்பதை அறியாதவர்கள்.

மொழிபெயர்ப்புகளில் காணப்படும் 'அறிவிக்கப்பட்ட ஒப்புதல்' என்ற தொடரை நான் ஏற்பதில்லை. ஒப்புதலை யாரோ அறிவித்துவிட்டார்கள் என்றே அது பொருள்படுகிறது. 'தகவலறிந்த ஒப்புதல்' பிழையில்லை. ஆனாலும் தகவல் கிடைப்பது வேறு, அறிவது வேறு. கட்டுரைகளுக்கு 'அறிந்திசைவு' என்பேன்.

ஆய்வுக்கு வருபவர் கையெழுத்திடும் படிவத்துக்கு அதைவிட எளிய சொற்கள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வைச் சாராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல். அவருக்கு வாசித்துக் காட்டும் இசைவு வரி, 'எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்குச் சம்மதம்' என்று இருக்கட்டும்.