ஊர் திரும்பியவருக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

காரைக்குடியில் என்னிடம் வரும் யாரும் "வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தேன், ஊர் ஒட்டவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்புகிறது, தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது என்றுதான் வருகிறார்கள். ஈசிஜி, எண்டோஸ்கோப்பி எல்லாம் முடித்துக் கட்டைப் பை நிறைய ரிப்போர்ட்டுகளும் கூடவே வரும். எப்போது ஊருக்கு வந்தீர்கள் என்று மனநல மருத்துவனான நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது. "தைக்கு வந்தேன் டாக்டர், இனிப் போகப்போறதில்லை" என்பார்கள். அதற்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியே இருக்காது.

வெளிநாடு போகும்போது திணறல் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பும்போதும் உண்டு. வெளிநாட்டில் தங்கித் திரும்பிய அமெரிக்கர்களை ஆராய்ந்த கல்லஹார்ன் தம்பதி 1963-லேயே இதை எழுதினார்கள். போன இடத்தில் ஒருமுறை சரிந்து நிமிரும் மனநிலை, சொந்த ஊருக்கு வந்ததும் இன்னொரு முறை சரிந்து நிமிர்கிறது என்றார்கள். எல்லோருக்கும் அச்சாக அப்படியே நடப்பதில்லை. ஆனால் நான் இங்கே பார்ப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது சரிவைத்தான். பெட்டி பிரிப்பது, பிள்ளையார்பட்டி, குலதெய்வம், சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று முதல் சில வாரங்கள் நன்றாகவே போகும். அப்புறம்தான் தொடங்கும்.

செட்டிநாட்டுக்குக் கடல் தாண்டிப் போவது புதிதல்ல. பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன நகரத்தார் ஏஜெண்டுகளுக்கு மூன்று வருடக் கணக்கு என்பது வழக்கம். எப்போது திரும்புவார் என்பது அவருக்கும் தெரியும், வீட்டில் ஆச்சிக்கும் தெரியும். இன்று சிங்கப்பூரிலோ துபாயிலோ 20 வருடம், நடுநடுவே ஒரு மாத லீவு. அந்த ஒரு மாதமும் அவர் விருந்தாளி. வீடு சிரித்த முகமாக இருக்கும். கறி, பணியாரம், கல்யாணம், காதுகுத்து என்று ஓடிவிடும். நிரந்தரமாக வந்த பிறகுதான், தான் இல்லாமலே நடந்து பழகிய அன்றாட வீட்டை முதன்முதலாகப் பார்க்கிறார்.

தேவகோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர், அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன், சிங்கப்பூரில் சூப்பர்வைசராக இருந்தவர். வந்த இரண்டாம் மாதம் அடுப்படி அலமாரியை முழுக்க இறக்கி, ஒவ்வொரு டப்பாவுக்கும் லேபிள் ஒட்டி, உயர வரிசைப்படி அடுக்கி வைத்தார். மறுநாள் காலை குழம்பு கொதிக்கும்போது மல்லித்தூள் எங்கே என்று மனைவிக்குத் தெரியவில்லை. அன்று தொடங்கிய சண்டை மூன்று வாரம் ஓடியது. மனைவி என்னிடம் சொன்னார்: "சிலிண்டர் போடறது, கரண்டு பில்லு, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறது, பொண்ணு காலேஜு எல்லாம் நான்தான் பாத்தேன். இப்பக் கடைக்குக் கிளம்புனா, எங்க போறே, எப்ப வருவேன்னு கேக்குறாக." அவரைத் தனியாகக் கேட்டேன். "வீட்டுல என்னை யாரும் ஒண்ணும் கேக்கிறதில்லை" என்றார். அங்கே பல பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தவருக்கு இங்கே அடுக்குவதற்கு டப்பாக்கள்தான் கிடைத்தன.

பொறுமையாக இருங்கள் என்று சொல்லி அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அம்மாவின் மாத்திரையும் ஆஸ்பத்திரியும் முழுக்க அவர் பொறுப்பு, அடுப்படி மனைவியுடையது, காலையில் சில மணி நேரம் வீட்டுக்கு வெளியே அவருக்கு ஒரு வேலை, சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம்.

ஆனால் அவரிடம் இன்னொன்றும் இருந்தது. தினமும் மூன்றரைக்கு விழிப்பு. "அங்கே அப்ப மணி ஆறு, உடம்பு பழகிப்போச்சு" என்றார். இரண்டரை மணி நேர வித்தியாசத்தை உடம்பு சில நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் சரிசெய்துகொள்ளும். மாதக்கணக்கில் நீடித்தால் சிங்கப்பூர் நேரத்தின் மேல் பழி போடாதீர்கள். விடியும் முன்பே விழிப்பு, காலையில் மனம் கனமாக இருப்பது, எதிலும் பிடிப்பின்மை, பசி குறைவது, தான் யாருக்கும் உபயோகமில்லை என்ற எண்ணம் இவையெல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, குணமாகும். தூக்கத்துக்காக ராத்திரி கொஞ்சம் குடிக்கிறேன் என்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மது தூக்கத்தைப் பின்னிரவில் கலைக்கும், சோர்வையும் கூட்டும்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். "அங்கெல்லாம் இப்படி இல்லை" என்று அவர் பத்தாவது தடவை சொல்லும்போது திமிர் என்று நினைக்காதீர்கள். அவர் விட்டுவந்த வாழ்க்கையைப் பற்றிப் பேச வேறு வழி தெரியவில்லை. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் நிம்மதியாகப் பேசுவார்.

பிள்ளைகளோடு திரும்புபவர்களுக்குப் பள்ளிதான் முதல் இடி. தமிழ்நாட்டில் 2006 சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். துபாயில் வளர்ந்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் திடீரென்று செய்யுள் மனப்பாடம் என்றால் அழத்தான் செய்யும். திரும்புவதாக முடிவு செய்த அன்றே பிள்ளையைத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வைக்கத் தொடங்கிவிடுங்கள்.

பணம் என் துறை இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் ஆறு மாதம் பெரிய முதலீடு வேண்டாம். பூர்வீக வீட்டில் தன் பங்கைப் புதுப்பித்து விடுதி ஆக்கலாம் என்று கையிருப்பை இறக்கி, பங்காளிகள் சம்மதிக்காமல் பாதியில் நின்று, அந்தக் கவலையிலேயே படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் மருத்துவக் காப்பீட்டை எடுங்கள். வெளிநாட்டுக் கம்பெனி கொடுத்த காப்பீடு வேலையோடு போய்விடும். இங்கே புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்குக் காப்பீடு கிடைக்க மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டிவரலாம். 2024-ல் அந்த உச்சவரம்பை நான்கு வருடத்திலிருந்து குறைத்ததே பெரிய விஷயம்.

உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவி, டெலி மனாஸ், எண் 14416. இரவு பகல் எந்நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். எங்களைப் போன்றவர்களிடம் நேரில் வருவதானால் கணவனும் மனைவியும் சேர்ந்து வாருங்கள். அங்கே சாப்பிட்ட மாத்திரைச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மருந்தைப் பார்த்து இங்கே அதையே எழுதித் தரலாம்.