பழகிப்போன மகிழ்ச்சி எங்கே போகிறது?

ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் பேனாவால் கரும்புள்ளி ஒன்று வையுங்கள். அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, வெளிறிய வண்ணத்தில், விளிம்பு மங்கலாக ஒரு வளையம் தீட்டுங்கள். இப்போது கண்ணை அசைக்காமல் புள்ளியை மட்டும் பாருங்கள். சிறிது நேரத்தில் வளையம் கரையத் தொடங்கும். சிலருக்கு முழுவதுமாகவே காணாமல் போய்விடும். தாளில் வண்ணம் அப்படியேதான் இருக்கிறது. பார்வையைச் சற்றுத் திருப்பினால் உடனே வந்துவிடும். சுவிட்சர்லாந்து மருத்துவர் இக்னாஸ் ட்ராக்ஸ்லர் 1804-இல் பதிவு செய்த விளைவு இது. ஒரே இடத்தில் மாறாமல் விழும் தூண்டலுக்கு நரம்பு செல்கள் பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்கின்றன. நாம் உற்றுப் பார்க்கும்போதும் விழிகள் நமக்கே தெரியாமல் மிக நுண்ணியதாகத் துடித்துக்கொண்டிருப்பதால்தான், அன்றாட வாழ்வில் சுவரும் மேசையும் நம் கண்முன் மறைந்துபோவதில்லை.

மூளைக்கு இது சிக்கனம். மாறாததைப் பற்றியே செய்தி வந்துகொண்டிருந்தால், புதிதாக வருவதைக் கவனிக்க அதற்கு இடமிருக்காது. மனநிறைவு விஷயத்திலும் அது ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்கிறது. வேலை கிடைத்த நாளின் பூரிப்பு சில மாதங்களில் எங்கே போகிறதென்று கேட்டால், பதில் இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

உளவியலில் இதைப் பற்றிய பிரபலமான ஆய்வு 1978-இல் வந்தது. பிலிப் பிரிக்மனும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்காவின் இல்லினாய் மாநில லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், சாதாரணமாக வாழும் 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும் விசாரித்தார்கள். லாட்டரி வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை என்பதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு வரி. நண்பரோடு பேசுவது, காலை உணவு, நகைச்சுவைத் துணுக்கு, பத்திரிகை வாசிப்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள் எவ்வளவு இன்பம் தருகின்றன என்றும் கேட்டிருந்தார்கள். லாட்டரி வென்றவர்களுக்கு அந்த இன்பம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. உச்சத்தைப் பார்த்துவிட்டதால் தரைமட்டம் சப்பென்று ஆகிவிட்டது.

சிறிய ஆய்வு அது. அதை வைத்துக்கொண்டு பணத்தால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2020-இல் வெளியான, மிகப் பெரிய ஸ்வீடன் லாட்டரி ஆய்வு ஒன்றில், பெருந்தொகை வென்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயர்ந்தே இருந்தது. ஆனால் அன்றாட மகிழ்ச்சியில் தெரிந்த மாற்றம் அதைவிடச் சிறியது. வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து மதிப்பெண் போடுவது வேறு, இன்று மாலை எப்படி இருக்கிறது என்பது வேறு.

இதன் வேரை நரம்பு செல் அளவிலும் பார்க்கலாம். நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். முதலில் சாறு நாக்கில் பட்டதும் செல்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துள்ளல் விளக்குக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது செல்கள் சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், அது வந்திருக்க வேண்டிய அதே நொடியில் செல்களின் இயக்கம் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. எதிர்பார்த்தது வந்தால் மௌனம், வராவிட்டால் முறைப்பு. இந்தச் செல்கள் மகிழ்ச்சியை அளக்கும் கருவி அல்ல; எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்பவை. ஆனாலும் கையில் இருப்பது ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைப்பது கடினம்.

நன்றியுணர்வைப் பற்றிய ஆராய்ச்சியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அது அறிவுரைப் புத்தகங்களின் பிடியிலிருந்து தப்பும். 2003-இல் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் கல்லூரி மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து வாரம் ஒருமுறை எழுதச் சொன்னார்கள். முதல் குழு நன்றிக்குரியவற்றை எழுதியது. இரண்டாவது குழு தொல்லைகளை எழுதியது. மூன்றாவது குழு தங்களைப் பாதித்த நிகழ்வுகள் எதையாவது எழுதியது. சுமார் பத்து வாரங்கள் கழித்து முதல் குழுவினர் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லபடியாக மதிப்பிட்டார்கள். வரும் வாரத்தைப் பற்றி நம்பிக்கையோடும் இருந்தார்கள். தொல்லைகளை எழுதியவர்களைவிட அதிக நேரம் உடற்பயிற்சி செய்ததாகவும் சொன்னார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வாரந்தோறும் தொல்லைகளைப் பட்டியல் போட்டவரோடு ஒப்பிட்டால் யாருமே கொஞ்சம் தேவலையாகத்தான் தெரிவார்கள். பின்னால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பலன் உண்டு, ஆனால் அளவு சிறியது என்கிறார்கள். மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு நன்றிக் குறிப்பேடு சிகிச்சைக்கு மாற்றாகாது என்பதும் அந்தத் தொகுப்புகள் சொல்லும் செய்தி.

அதைவிட வேடிக்கையான முடிவு சோன்யா லூபோமிர்ஸ்கியின் குழுவுக்குக் கிடைத்தது. ஆறு வாரங்கள் சிலர் வாரம் ஒருமுறையும், சிலர் வாரம் மூன்று முறையும் நன்றிப் பட்டியல் எழுதினார்கள். மகிழ்ச்சி கூடியது வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மட்டும்தான். அடிக்கடி எழுதியவர்களுக்கு அது வேலையாக மாறிவிட்டது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பழகிப்போவதை எதிர்க்க எடுத்த மருந்தே பழகிப்போய்விட்டது! தினமும் காலையில் தவறாமல் எழுதச் சொல்லி அச்சிட்டு விற்கும் நோட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

பட்டியலை எப்படி எழுதுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. "ஆரோக்கியம், குடும்பம், நண்பர்கள்" என்று எழுதினால் மூளைக்கு அது நேற்றைய வளையம்தான், கரைந்துவிடும். "செவ்வாய் இரவு காய்ச்சலில் கிடந்தபோது அண்ணன் இரண்டு முறை எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், இரண்டாவது முறை நான் தூங்குவதாக நினைத்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்" என்று எழுதினால் அங்கே ஒரு இரவு இருக்கிறது, ஒரு ஆள் இருக்கிறார், அவர் செய்யாமல் விட்டிருக்கக்கூடிய ஒரு செயல் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயம்தான் சூட்சுமம் என்று நினைக்கிறேன்.

அதற்குச் சான்றும் உண்டு. 2008-இல் மின்கியுங் கூ, டிமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் உள்ளிட்டோர் ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார்கள். துணையோடு வாழ்பவர்களில் ஒரு பகுதியினர், தாங்கள் எப்படிச் சந்தித்தோம் என்று எழுத வேண்டும். இன்னொரு பகுதியினர், சந்திக்காமலே போயிருக்க எப்படியெல்லாம் வாய்ப்பிருந்தது என்று எழுத வேண்டும். அந்த விருந்துக்குப் போகாமல் இருந்திருந்தால், அந்த வேலைக்கு விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால், என்று. எழுதி முடித்தபோது உறவில் அதிகத் திருப்தி தெரிவித்தவர்கள் இரண்டாவது வகையினர். இப்படி எழுதினால் மனம் எப்படி இருக்கும் என்று வேறு சிலரிடம் முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னபோது அவர்கள் தவறாகவே ஊகித்தார்கள். இனிமையான கதையைத் திரும்பச் சொல்வதே இனிக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பலமுறை சொன்ன கதையில் மூளைக்கு வியப்பு எதுவும் மிச்சமில்லை. இருப்பதைக் கற்பனையில் ஒரு கணம் கழித்துப் பார்த்தால்தான் அது மறுபடி செய்தியாகிறது.

வாசிப்பு இங்கே எங்கிருந்து வருகிறது?

முதலில் அது கவனத்துக்குச் செய்யும் வேலையைப் பார்ப்போம். 2010-இல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் செல்போன் செயலி வழியாக, நாளின் எதிர்பாராத நேரங்களில், இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா என்று கேட்டுப் பதில் சேகரித்தார்கள். 46.9 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் மக்கள் குறைந்த மகிழ்ச்சியோடு இருந்தார்கள். இனிமையான விஷயங்களை நினைத்து அலைந்தவர்கள்கூட, செய்யும் வேலையில் மனம் பதிந்திருந்தவர்களைவிட ஒன்றும் மேலாக இல்லை.

புத்தகம் மனத்தைக் கட்டிப்போடும் விதம் கொஞ்சம் தனி. வாசிக்கும் கண் வரியின் மீது வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவுகிறது. ஓரிடத்தில் சுமார் கால் நொடி நிற்கிறது, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது, தாவும் நேரத்தில் எதையும் தெளிவாகப் பார்ப்பதில்லை. நிற்கும் அந்தக் கால் நொடிகளில் பிடித்ததை வைத்துத்தான் மூளை சொல்லை அறிந்து, வாக்கியத்தைக் கட்டி, அடுத்து வருவதை ஊகித்துக்கொண்டே போகிறது. எழுத்து தோன்றி சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று மூளையில் ஓர் உறுப்பு பரிணமிக்க அது போதாது. பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டிஹேன் காட்டியபடி, உருவங்களை அடையாளம் காணும் பகுதி ஒன்று, இடது அரைக்கோளத்தின் பின்புற அடிப்பக்கத்தில், எழுத்துக்காக மறுபயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. வளர்ந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்களின் மூளையிலும் இந்த மாற்றம் தெரிகிறது என்பது அவரது குழுவின் 2010 ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

இத்தனை வேலையும் ஒன்றாக நடக்கும்போது மனக்கவலை உள்ளே நுழைய இடம் குறைகிறது. அதற்காக இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு பக்கம் முழுவதையும் கண் படித்துவிட்டு மனம் ஒன்றும் வாங்காமல் இருந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. கதை பிடித்துக்கொண்டால் நிலைமை மாறும். நிக்கோல் ஸ்பியர், ஜெஃப்ரி சாக்ஸ் முதலானோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கதைமாந்தர் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் இடத்தை வாசிக்கும்போது, வாசகரின் மூளையில் கை அசைவோடு தொடர்புடைய பகுதிகள் சுறுசுறுப்பாயின. வாசகர் கதையை வெறும் சொல்லாக வாங்கிக்கொள்வதில்லை. பாதி நடித்துப் பார்க்கிறார்.

வாசிப்பைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்பவர்களும் நிறைய. ஆறு நிமிட வாசிப்பு மன அழுத்தத்தை 68 சதவீதம் குறைக்கும் என்று எங்கும் சுற்றும் எண்ணை நம்பி யாரும் கடிகாரம் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். மிகச் சிறிய சோதனை ஒன்றிலிருந்து கிளம்பியது அது. இலக்கியக் கதை ஒன்றை ஒருமுறை வாசித்தாலே பிறர் மனத்தை அறியும் திறன் கூடுகிறது என்று 2013-இல் டேவிட் கிட், இமானுவேல் காஸ்டானோ வெளியிட்ட முடிவும் பெரும் பரபரப்பானது. பிறகு மற்றவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆயுள் முழுக்கக் கதை வாசிப்பவர்களிடம் அந்தத் திறன் ஓரளவு கூடுதலாகத் தெரிவது உண்மை. ஆனால் வாசிப்பு அவர்களை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர்கள் வாசிக்க வருகிறார்களா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

நன்றியும் வாசிப்பும் ஒரே மேசையில் சந்தித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிளென் ஃபாக்ஸின் குழு, நாஜிகளின் இனப்படுகொலையில் உயிர்தப்பியவர்கள் அளித்த வாக்குமூலங்களிலிருந்து, அந்நியர் ஒருவர் உணவோ உடையோ மறைவிடமோ கொடுத்து உதவிய தருணங்களைத் திரட்டியது. அவற்றைச் சிறு குறிப்புகளாக்கி, ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்த 23 பேரிடம் வாசிக்கக் கொடுத்து, இது உங்களுக்கு நேர்ந்திருந்தால் எவ்வளவு நன்றி உணர்வீர்கள் என்று கேட்டார்கள். நன்றி எவ்வளவு அதிகம் என்று சொன்னார்களோ அவ்வளவுக்கு, நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய முன்மூளைப் பகுதியும், அதை அடுத்துள்ள பகுதி ஒன்றும் கூடுதலாக இயங்கின. பிறர் மனத்தைப் புரிந்துகொள்வதோடும், ஒன்றின் மதிப்பை எடைபோடுவதோடும் தொடர்புள்ள இடங்கள் இவை. 2015-இல் வெளியான இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் யாருக்கும் அந்த உதவி கிடைக்கவில்லை. வாசித்தார்கள், அந்த இடத்தில் தங்களை வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே வாசிப்பு என்பது கூ குழுவினர் செய்யச் சொன்ன அதே கழித்தலை இன்னொருவரின் வாழ்க்கையை வைத்துச் செய்வது என்று நான் புரிந்துகொள்கிறேன். நம் கற்பனைக்கு நம்மிடமிருந்து எதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. நமக்குத் தெரிந்த இழப்புகளையே சுற்றிச் சுற்றி வரும். நாவலோ தன்வரலாறோ நாம் நினைத்தே பார்க்காத ஒன்று இல்லாத வாழ்க்கையைக் கொண்டுவந்து வைக்கும்: தாய்மொழியில் பேச ஆளில்லாத ஒருத்தி, பகலில் வெளியே வர முடியாத ஒருவன். புத்தகத்தை மூடும்போது வாசலும் வெயிலும் சில மணி நேரமாவது பழகாதவையாகத் தெரிகின்றன. பட்டியல் அலுத்துப்போவதுபோல் இது அவ்வளவு சீக்கிரம் அலுக்காததற்கும் காரணம் இதுதான், ஒவ்வொரு புத்தகமும் வேறொன்றைக் கழிக்கிறது.

இதில் ஒரு சறுக்கல் உண்டு. "அவர்கள் நிலைமைக்கு நாம் எவ்வளவோ மேல்" என்று பெருமூச்சு விடுவது நன்றியுணர்வு ஆகாது. அது ஒப்பீடு தரும் ஆறுதல். நம்மைவிட வசதியானவரைப் பார்த்ததும் அதே ஒப்பீடு திரும்பிக் கடிக்கும். நன்றி யாரோ ஒருவரை நோக்கிப் போகும் உணர்வு.

அந்த யாரோ ஒருவரிடமே போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். மார்ட்டின் செலிக்மன் குழுவின் 2005 ஆய்வில், முறையாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொடுத்தவர்களுக்கு, சோதித்த பயிற்சிகளிலேயே உடனடிப் பலன் அதிகமாக இருந்தது. ஆனால் அது ஒரு மாத அளவில்தான் நீடித்தது. பலர் அந்தக் கடிதத்தை எழுதாமலே விடுவதற்கான காரணம் 2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி செய்த சோதனைகளில் தெரிந்தது. எழுதுபவர்கள், கடிதம் பெறுபவர் சங்கடப்படுவார் என்று அதிகமாகவும், மகிழ்வார் என்று குறைவாகவும் கணக்குப் போட்டிருந்தார்கள். சரியான சொற்கள் அமையவில்லையே என்றும் தயங்கினார்கள். பெற்றவர்களின் கவனம் சொற்களின் நேர்த்தியைவிட அதில் இருந்த அன்பின் மீதே இருந்தது.