ஒப்பெழுத்துச் சொல்: எழுத்து ஒன்று, மொழி மூன்று

எச், ஏ, டி என்ற மூன்று ரோமன் எழுத்துகளைச் சேர்த்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் அது தொப்பி. ஹங்கேரிய மொழியில் ஏறத்தாழ ‘ஹொத்’ என்று படிப்பார்கள். ஆறு என்ற எண். துருக்கியில் ‘ஹத்’ என்றால் கோடு. தொலைபேசி இணைப்பு, பேருந்துத் தடம் எல்லாம் அதுதான். மூன்றும் வெவ்வேறு மொழிக்குடும்பங்கள். இந்தச் சொல்லை ஒன்றிடம் ஒன்று கடன் வாங்கவும் இல்லை.

இதற்கு மொழியியலில் ‘இன்டர்லிங்குவல் ஹோமோகிராஃப்’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘ஹோமோஸ்’ என்றால் ஒரே, ‘கிராஃபெய்ன்’ என்றால் எழுதுதல். முன்னால் உள்ள அடை, மொழிகளுக்கு இடையில் என்பதைச் சொல்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? தொல்காப்பியம் தந்த ‘பலபொருள் ஒருசொல்’ உடனே நாவில் வரும். ஆனால் அங்கே சொல் ஒன்று, பொருள் பல. இங்கே சொல்லே மூன்று. எழுத்து மட்டும்தான் ஒன்று. அதனால் ‘மொழியிடை ஒப்பெழுத்துச் சொல்’ என்பதே என் தேர்வு. கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பாது.

இரு மொழிகளில் ஒரே மாதிரி தோன்றி வேறு பொருள் தரும் சொற்களுக்குப் ‘போலி நண்பர்கள்’ என்ற வழக்கும் உண்டு. 1928-இல் கெஸ்லர், தெரோக்கிஞி என்ற இருவர் எழுதிய பிரெஞ்சு நூலின் தலைப்பிலிருந்து பரவிய பெயர் அது. அந்த வழக்கில் உறவுள்ள சொற்களும் அடங்கும். ‘கிஃப்ட்’ ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு. இரண்டும் ‘கொடு’ என்ற பொருளுள்ள ஒரே வேரில் முளைத்தவை. கொடுத்த மருந்தளவு நஞ்சாகிப்போனது! ‘ஹத்’ அப்படியல்ல, முழுக்கத் தற்செயல்.

அந்தத் தற்செயலுக்கும் பொது எழுத்துமுறை வேண்டும். துருக்கியின் ‘ஹத்’ அரபியிலிருந்து வந்தது. அரபி எழுத்தில்தான் எழுதிவந்தார்கள். அதே 1928-இல் துருக்கி ரோமன் எழுத்துக்கு மாறிய பிறகுதான் அது ஆங்கிலத் தொப்பியோடு ஒரே வடிவம் பெற்றது.

சரி, தமிழ் எழுத்தில்? சங்கப் பாடல்களில் ‘தார்’ என்றால் மாலை. சாலையில் ஊற்றும் தார் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆனால் அது இப்போது தமிழ்ச்சொல்லாகவே புழங்குகிறது. ஆகவே ‘மொழியிடை’ என்ற அடை இதற்கு வேண்டாம், வெறும் ஒப்பெழுத்துச் சொல் என்றால் போதும்.