வானத்தில் அடிக்கும்போது மாடியில் நிற்காதீர்கள்

2025 ஜூன் 23, திங்கட்கிழமை. கத்தாரில், தோஹாவின் தொழிற்பேட்டையான சனையாவில் எங்கள் கம்பெனி கேம்பில் இரவுச் சாப்பாட்டு நேரம். ஏழரை மணி வாக்கில் தென்மேற்குப் பக்கம் வானத்தில் நெருப்புப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறின. அப்புறம் சத்தம். ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. நான் வண்டியை கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்க ஆட்கள், எல்லார் கையிலும் போன். மீதி நூறு பேர் வரைக்கும் மெஸ்ஸுக்கு எதிரே இருக்கிற அசெம்ப்ளி பாயின்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த வரிசையைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது நான் பழக்கிய வரிசை. பத்தொன்பது வருடமாக வளைகுடாவில் சேஃப்டி ஆபீசர் வேலை. முதலில் சவூதியில் தம்மாம், இப்போது தோஹா. மணி அடித்தால் வெளியே போ, திறந்த வெளியில் நில், தலையை எண்ணு என்று மாதாமாதம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தீப்பிடித்தால் அதுதான் சரி. ஏவுகணை விஷயத்தில் அதைவிடத் தப்பு வேறு கிடையாது.

அன்றைக்கு ஈரான், அமெரிக்கப் படை இருக்கும் அல் உதெய்த் விமானத் தளத்தைக் குறிவைத்து ஏவுகணை விட்டது. எங்கள் கேம்பிலிருந்து நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குள்தான் அந்தத் தளம். அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டு மக்களை இருந்த இடத்திலேயே உள்ளே இருக்கச் சொல்லி அன்றைக்கே எச்சரித்திருந்தது. வான்வெளியையும் மூடிவிட்டார்கள். அந்தச் செய்தியைத் தமிழிலும் இந்தியிலும் நேபாளியிலும் எங்கள் ஆட்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது நான். சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

மறுநாள் ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன் போனைக் காட்டிச் சொன்னான்: "அண்ணே, பதினாலுல பதிமூணு காலி. நமக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே." அமெரிக்க அதிபர் டிரம்ப் சொன்ன கணக்கு அது. 14 ஏவுகணை வந்தது, 13-ஐ வீழ்த்தினோம், ஒன்று ஆபத்தில்லாத திசையில் போனதால் விட்டுவிட்டோம் என்றார். அந்த ஒன்று தளத்துக்குள்ளேயே விழுந்து ஒரு தகவல்தொடர்புக் கருவியின் உருண்டைக் கூண்டைச் சிதைத்திருந்தது பின்னால் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் தம்பியிடம் கேட்டது வேறு. அந்தப் பதிமூன்றும் எங்கே போனது?

காற்றில் கரைந்துவிடுமா என்ன? வருகிற ஏவுகணையை வானத்திலேயே தடுக்கும் அமெரிக்கக் கருவி பேட்ரியாட். அதில் இப்போது பயன்படும் பேக்-3 ஏவுகணை ஒன்றே 300 கிலோவுக்கு மேல் எடை. அது பெரிய வெடியைச் சுமந்துபோவதில்லை. வருகிற ஏவுகணைமேல் நேராகப் போய் முட்டி உடைக்கிறது. முட்டியதும் இரண்டும் துண்டு துண்டாகிக் கீழே வரும். சில துண்டு கதவளவு இருக்கும், சில துண்டு விரலளவு. பல கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுவதால் சத்தம் ஓய்ந்த பிறகும் வந்துகொண்டே இருக்கும். விரலளவு இரும்பு போதும்.

2018 மார்ச் 25 இரவு ஏமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் சவூதியை நோக்கி ஏழு ஏவுகணைகளை விட்டார்கள். ஏழையும் தடுத்துவிட்டதாகச் சவூதி அறிவித்தது. ரியாத்தில் சிதறல் விழுந்து ஒருவர் இறந்துபோனார். எகிப்திலிருந்து பிழைக்க வந்தவர். 2024 ஏப்ரலில் ஈரான் முந்நூறு சொச்சம் டிரோன்களையும் ஏவுகணைகளையும் அனுப்பியபோது 99 சதவீதம் தடுத்தோம் என்றது இஸ்ரேல். நெகெவ் பாலைவனத்தில் பெடுயின் கிராமம் ஒன்றில் ஏழு வயதுச் சிறுமி சிதறல் பட்டுப் படுகாயமடைந்தாள். அந்தக் கிராமங்களில் பதுங்கிடம் கிடையாது. அதே வருடம் அக்டோபர் 1 தாக்குதலில் ஜெரிக்கோவில் ஏவுகணைத் துண்டு விழுந்து இறந்தவர் காஸாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த பாலஸ்தீனர். குடை பிடிக்கப்படுவது தளத்துக்கும் தலைநகருக்கும். அந்தக் குடையின் ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் நம்மைப் போலக் கூலிக்கு வந்தவர்கள். 2022 ஜனவரி 17 அன்று ஹூத்திகள் தாக்கி அபுதாபி முசாஃபாவில் எரிபொருள் லாரிகள் வெடித்ததில் இறந்த மூன்று பேரில் இருவர் இந்தியர், ஒருவர் பாகிஸ்தானியர்.

தம்மாமில் இருந்தபோது, புதிதாகச் சேரும் சேஃப்டி ஆட்களுக்கு 1991 தஹ்ரான் கதையைச் சொல்லித்தான் பயிற்சி தொடங்குவேன். இது ஈரானின் தெஹ்ரான் இல்லை, தம்மாமுக்குப் பக்கத்துச் சவூதி ஊர். வளைகுடாப் போர் நேரம். பிப்ரவரி 25 இரவு ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை ஒன்று அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். அந்த இடத்தைக் காக்க பேட்ரியாட் இருந்தது, இயங்கிக்கொண்டும் இருந்தது. ஆனால் சுடவே இல்லை.

காரணம் கடிகாரம். பேட்ரியாட்டின் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. பத்தில் ஒன்று என்ற எண்ணை இரும எண்களில் முழுசாக எழுத முடியாது. ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு துளி வெட்டுப்படும். எட்டு மணி நேரத்தில் அது பெரிதாகத் தெரியாது. அந்தப் பேட்ரியாட்டை நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டியிருந்தார்கள். சேர்ந்து சேர்ந்து 0.34 நொடி பிசகிவிட்டது. ஸ்கட் நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வரும். மூன்றில் ஒரு நொடி பிசகினால் அரைக் கிலோமீட்டர் தள்ளித் தேடும். ரேடார் தப்பான இடத்தில் பார்த்தது, அங்கே ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டது.

இதில் என்னை இன்னும் உறுத்துவது, இஸ்ரேல்காரர்கள் இரண்டு வாரம் முன்பே இந்தப் பிசகைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்ததுதான். நீண்ட நேரம் ஓட்டாதீர்கள் என்று படையினருக்குத் தகவலும் போனது. நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் இல்லை. கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டிருந்தால் கடிகாரம் சரியாகியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26. ஒரு நாள் தாமதம். அந்த மாதம் 15-ஆம் தேதிதான் அதிபர் புஷ், 42 ஸ்கட்டில் 41-ஐ வீழ்த்தினோம் என்று பேட்ரியாட் தொழிற்சாலையிலேயே நின்று பெருமையாகச் சொல்லியிருந்தார். அடுத்த வருடம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு பார்த்தபோது, மோதல்களில் 9 சதவீதத்தில்தான் ஸ்கட்டை வீழ்த்தியதற்கு உறுதியான ஆதாரம் இருந்தது. இப்போதைய பேட்ரியாட் அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் போர் நடக்கும்போது சொல்லப்படும் சதவீதத்தை நம்பி மாடிக்கு ஏறாதீர்கள் என்பதற்கு இதைவிட வேறு கதை வேண்டியதில்லை.

சரி, காசு இருக்கிற நாடுகள்தானே, கூடக் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு பேக்-3 ஏவுகணையின் விலை ஏறத்தாழ 40 லட்சம் டாலர், நம் பணத்தில் 34 கோடிக்குக் குறையாது. வருவது ஒன்றுக்கு இரண்டு விடுவதுதான் வழக்கம். எதிரில் வரும் டிரோனோ சில பத்தாயிரம் டாலர். 2024-ல் உலகம் முழுமைக்கும் உற்பத்தியான பேக்-3, 500 வாக்கில்தான். உக்ரைன் கேட்கிறது, ஜப்பான் கேட்கிறது, வளைகுடா கேட்கிறது. 2025 ஜூனில் பன்னிரண்டு நாள் போரில் இஸ்ரேலைக் காக்க மட்டும் அமெரிக்கா நூறுக்கு மேல் தாட் என்ற இன்னொரு வகைத் தடுப்பு ஏவுகணைகளைச் செலவழித்ததாக அமெரிக்க ஊடகங்கள் எழுதின. தீர்ந்ததை நிரப்ப வருடக்கணக்கில் ஆகும்.

ஈரான் இந்தப் பாதைக்கு வந்ததிலும் ஒரு காரணம் உண்டு. மன்னர் ஷா காலத்தில் வாங்கிய அமெரிக்க விமானங்களுக்கு 1979 புரட்சிக்குப் பிறகு உதிரிபாகம் கிடைக்கவில்லை. 1988-ல் ஈராக் தெஹ்ரான்மேல் ஸ்கட்டாகப் பொழிந்தபோது அதே அளவுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து விமானத்தை விட்டு ஏவுகணையைப் பிடித்துக்கொண்டது. எதிர்க்கரையில் கேடயம் தடிக்கத் தடிக்க, இந்தப் பக்கம் எண்ணிக்கை கூடியது. கேடயம் கொடுக்கும் பெரிய நாடு தன் தளத்தையும் கூடவே கொண்டுவருகிறது. அந்தத் தளம்தான் அப்புறம் குறியாகிறது. ஜூன் 23 அன்று தோஹா வானத்தில் நாங்கள் பார்த்தது அதைத்தான்.

2019 செப்டம்பர் 14 அன்று தாக்குதலில் சவூதியின் அப்காய்க் எண்ணெய் ஆலை எரிந்தபோது நான் தம்மாமில். காலையில் சைட்டில் எல்லா வேலை பெர்மிட்டையும் நிறுத்தினோம். சவூதியிடம் பேட்ரியாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் ரேடார் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கும். டிரோன்களும் குரூஸ் ஏவுகணைகளும் தாழப் பறந்து வந்தன. பின்னால் ஈரான் இருப்பதாகச் சவூதி சொன்னது. நாளுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது, சவூதி உற்பத்தியில் பாதி. மூன்றரை வருடம் கழித்து, 2023 மார்ச்சில், பெய்ஜிங்கில் உட்கார்ந்து சவூதி ஈரானோடு தூதரக உறவைப் புதுப்பித்துக்கொண்டது. பேட்ரியாட்டுகளைவிட அந்தக் கையெழுத்து எங்கள் சைட் ஆட்களுக்கு அதிகப் பாதுகாப்புத் தந்தது என்று நான் மனதார நம்புகிறேன். 2025 செப்டம்பர் 9-ல் இஸ்ரேல் தோஹாவிலேயே குண்டு போட்டது. ஈரானை மனதில் வைத்து வாங்கிய கேடயம் அன்றைக்கு உதவவில்லை. அடுத்த வாரமே சவூதி பாகிஸ்தானோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது. கணக்குகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, நாம் கீழேதான் இருக்கிறோம்.

அதனால் கீழே இருப்பவர்கள் செய்ய வேண்டியது. கான்கிரீட் கட்டடத்துக்குள் போங்கள், கீழ்த்தளம், ஜன்னல் இல்லாத வராந்தா. போர்ட்டா கேபின் பாதுகாப்பு இல்லை, அதன் கூரை தகரம்தான். சத்தம் நின்றபின் பத்து நிமிடமாவது உள்ளேயே இருங்கள். விழுந்து கிடக்கும் துண்டைத் தொடாதீர்கள், உள்ளே எரியாத எரிபொருள் மிச்சம் இருக்கலாம். படம் எடுத்துப் போடாதீர்கள். 2022-ல் அமீரகத்தில் அப்படிப் பகிர்ந்தவர்களை விசாரணைக்கே அழைத்தார்கள். ஊரில் இருக்கும் வீட்டார், சத்தம் கேட்டதும் வீடியோ கால் போட்டு "வானத்தைக் காட்டு" என்று கேட்காமல் இருந்தால் பெரிய உதவி.

எங்கள் கேம்பில் இப்போது இரண்டு வகை மணி. விடாமல் அடித்தால் தீ, வெளியே. விட்டு விட்டு அடித்தால் உள்ளே. மாடிக் கதவைப் பூட்டிவிடலாம் என்றார் கேம்ப் பாஸ். பூட்டக் கூடாது, தீப்பிடித்தால் அதுவும் ஒரு வழி. அதற்குப் பதில் மாடிப்படியில் ஒரு வார்டனை நிறுத்தினோம். அந்த ராமநாதபுரத்துத் தம்பிதான். டிரில் அன்றைக்குப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியை மறித்து நிற்கிறான். முதல் டிரில்லில் எல்லாரும் கீழ் வராந்தாவுக்கு வந்து சேர ஒன்பது நிமிடம் ஆனது. போன வாரம் மூன்றரை. வளைகுடாவைக் கடந்து ஏவுகணை வரச் சில நிமிடமே ஆகும் என்பதால் மூன்றரையும் அதிகம்தான். வெள்ளிக்கிழமை மறுபடி வைத்திருக்கிறோம்.