ஓடப் பழகிய குதிரைக்கு நிற்கப் பழக்குவது

இங்கிலாந்தின் புகழ்பெற்ற குதிரைப் பந்தய ஊரான நியூமார்க்கெட்டில் பந்தயம் தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது, பார்வையாளர்கள் சூழ்ந்து நிற்கும் வட்டப் பாதையில் குதிரைகளை நடத்திக்கொண்டு வருவார்கள். ஜாக்கி, அதாவது பந்தயத்தில் குதிரையை ஓட்டுபவர், பக்கத்தில் வந்து இடது காலை முழங்காலோடு மடக்கிக் கொடுப்பார். ஒருவர் அந்தக் காலைப் பிடித்து மேலே தூக்கிவிட, மறுநொடியே ஜாக்கி சேணத்தில் இருப்பார். பல சமயம் குதிரை இதற்காக நிற்பதுகூட இல்லை; நடந்துகொண்டேயிருக்கும்.

அதே குதிரை ஐந்தாறு வயதில் ஓய்வுபெற்று ஒரு சவாரிப் பள்ளிக்கு வந்து சேர்கிறது. புதிதாகச் சவாரி கற்பவர் ஒரு முக்காலியின் மேல் நின்று அங்கவடியில் கால் வைத்ததும் குதிரை கிளம்பிவிடுகிறது. அவர் பதறிப்போய்க் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறார். ஆனால் பந்தயத்தில் கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பது நிற்பதற்கான கட்டளை அல்ல. முழு வேகத்தில் ஓடும்போது ஜாக்கியின் கைப்பிடிமேல் சாய்ந்து ஓடியே பழகிய குதிரை, இறுக்கம் கூடக்கூட இன்னும் முன்னோக்கிச் சாய்கிறது. பார்ப்பவர்கள் அடங்காத குதிரை என்கிறார்கள். குதிரையோ தனக்குச் சொல்லிக்கொடுத்ததை அச்சுப்பிசகாமல் செய்துகொண்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவை பயிற்சியே இல்லாதவை அல்ல. தரோபிரெட் இனக் குதிரைக்கு (கிண்டியிலும் ஊட்டியிலும் நம்மவர்கள் பார்த்த பந்தயக் குதிரைகளும் இதே இனம்தான்) ஏறத்தாழ ஒன்றரை வயதிலேயே முதுகில் சேணம் ஏறிவிடுகிறது. இரண்டு வயதில் பந்தயத்தில் ஓடத் தொடங்கிவிடலாம். லாடம் அடிப்பவர், மருத்துவர், லாரிப் பயணம், தினசரிக் குளியல், ஒலிபெருக்கி, ஆயிரக்கணக்கானோரின் கூச்சல், உடம்பை உரசும் அளவுக்குக் குறுகலான புறப்பாட்டுக் கூண்டு என்று ஒரு சாதாரணக் குதிரையை மிரள வைக்கும் அத்தனையும் அதற்குப் பழகிப்போனவை. பழகாதவை வேறு. தொய்வான கயிற்றில் ஒரு மனிதரின் தோளை ஒட்டி அமைதியாக நடப்பது, வெட்டவெளியில் கட்டிப்போட்டால் பொறுமையாக நிற்பது, இடம் கேட்டால் ஒதுங்கிக்கொடுப்பது, இதெல்லாம் அதன் அன்றாடத்தில் அரிது. 450 முதல் 500 கிலோ எடையுள்ள ஒரு பிராணி இந்தத் தரைப்பழக்கங்களைக் கற்காமல் இருப்பது ஆபத்து.

பாடம் எங்கே தொடங்குகிறது என்பதை நெருங்கிப் பார்க்கலாம். குதிரையின் முகத்தைச் சுற்றி ஒரு வார்ப்பட்டை மாட்டி, தாடைக்குக் கீழே கயிற்றைக் கோத்திருக்கிறார்கள். பயிற்சியாளர் அதன் இடது தோளருகே நின்று, கயிற்றைப் பின்னோக்கி மிக லேசாக அழுத்திப் பிடிக்கிறார். குதிரை முதலில் அந்த அழுத்தத்தை எதிர்த்து முன்னே தள்ளுகிறது. தள்ளப்படும் திசைக்கு எதிராகத் தள்ளுவது அதன் இயல்பு. பயிற்சியாளர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. குதிரை தலையை ஆட்டிப் பார்க்கிறது, பக்கவாட்டில் நகர்ந்து பார்க்கிறது. பிறகு மார்புத் தசை தளர்கிறது. எடை முன்னங்கால்களிலிருந்து பின்னால் போகிறது. இன்னும் ஒரு குளம்புகூட நகரவில்லை. ஆனால் அந்தக் கணத்திலேயே பயிற்சியாளரின் விரல்கள் கயிற்றை விட்டுவிடுகின்றன. நாலைந்து முறைக்குப் பிறகு எடை நகர்வு ஓர் அடியாகிறது. போகப்போக விரல் அசைந்தாலே போதும், குதிரை பின்வாங்குகிறது.

உளவியலில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். பெயரைக் கேட்டுத் தண்டனை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். தண்டனை ஒரு செயலைக் குறைப்பதற்காகத் தரப்படுவது. இங்கே ஒரு செயலைக் கூட்டுவதற்காக ஒரு தொல்லை நீக்கப்படுகிறது. குதிரைக்கு அழுத்தம் எதையும் கற்றுத்தருவதில்லை, ஏதாவது செய்து பார்க்கத் தூண்டுவதோடு சரி. அழுத்தம் எந்த நொடியில் நின்றதோ அந்த நொடியில் உடம்பு என்ன செய்துகொண்டிருந்ததோ, அதுதான் பதிகிறது. ஆகவே இரண்டு மூன்று நொடி தாமதித்துக் கயிற்றை விடுபவர் தவறான பாடத்தை நடத்துகிறார். அதைவிட மோசம், குதிரை தலையை உதறியவுடன் பயந்து கையை விடுவது. தலையை உதறினால் விடுதலை என்று அது கற்றுக்கொள்ளும். அடுத்த நாள் இன்னும் பலமாக உதறும்.

மனிதர் அறியாமல் தரும் குறிப்புகளையும் குதிரை படித்துவிடும் என்பது 1907இல் பெர்லினில் நிரூபணமானது. கணக்குப் போடும் குதிரை என்று பெயர் வாங்கிய ஹான்ஸ், விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதை ஆராய்ந்தார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரிந்தால்தான் ஹான்ஸுக்கும் தெரிந்தது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடம்பும் தம்மை அறியாமல் நூலளவு அசைந்தன. அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தியது. இன்னொரு சோதனை 2009இல் வெளியானது, ஸ்வீடனில் நடந்தது. குதிரையை நடத்திச் செல்பவர்களிடம், இந்த முறை வழியில் ஒரு குடையைச் சட்டென்று விரிப்போம் என்று சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவில்லை. ஆனாலும் நடத்தியவரின் இதயத் துடிப்போடு குதிரையின் துடிப்பும் ஏறியது. பதற்றமாக இருக்கும் நாளில் பாடத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் சுற்றிலும் ஏறத்தாழ முழுவட்டமும் அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் உள்ள சிறு பகுதிகள்தான். பந்தய லாயத்தில் நடத்துவது, சேணம் பூட்டுவது, ஏறுவது எல்லாம் பெரும்பாலும் இடப்பக்கத்திலேயே நடந்துவிடுகின்றன. ஒருநாள் வலப்பக்கம் வந்து நின்றால் குதிரை தடுமாறும். ஒரு கண் பார்த்ததை மற்றக் கண் அறியாது என்பது குதிரைக்காரர்களிடம் வெகுகாலமாக உள்ள நம்பிக்கை. 1999இல் குதிரைகளின் நடத்தையை ஆராயும் ஈவ்லின் ஹாங்கி ஒரு கண்ணை மூடி வைத்துக் கற்பித்த பாடத்தை மறுகண்ணைக் கொண்டு சோதித்தார். குதிரைகள் சரியாகவே விடை சொல்லின. பார்வை கடந்துபோகிறது, உடல் அசைவுகள்தான் அப்படிக் கடப்பதில்லை. ஆகவே பின்வாங்குவதையும் ஒதுங்குவதையும் வலப்பக்கத்தில் நின்று மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும்.

நாம்தான் மந்தைத் தலைவர் என்று குதிரைக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லும் பயிற்சியாளர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வட்டமான அடைப்புக்குள் குதிரையைத் துரத்தி, அது நம் பக்கம் திரும்பியதும் துரத்துவதை நிறுத்துவது அவர்களின் முறை. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதரை நீக்கிவிட்டு ஒரு ரிமோட் கார் பொம்மையை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். குதிரைகள் காரின் பக்கம் திரும்பவும் கற்றுக்கொண்டன. பொம்மைக் காரை யாரும் தலைவனாக ஏற்கப்போவதில்லை. தலைமைப் பேச்சு எனக்கு எப்போதுமே அலுப்புத் தருவது. அது தவறான நேரத்தில் கயிற்றை விட்டவரின் பிழையைக் குதிரையின் திமிராக மாற்றிக் காட்டுகிறது.

பாடம் ஏறாததற்கு வயிறும் காரணமாக இருக்கலாம். குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரக்கும். நாள் முழுக்கப் புல் மேயும் பிராணிக்கு அது பொருத்தமான ஏற்பாடு. பந்தய லாயத்தில் தானியம் அதிகம், மேய்ச்சல் குறைவு, கடும் ஓட்டம் வேறு. இரைப்பைப் புண் அங்கே மிகச் சாதாரணம். சேணவாரை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வரும் குதிரைக்கு ஒழுக்கம் கற்பிப்பதற்கு முன் மருத்துவரை அழைப்பது நல்லது. அனுபவசாலிகள் பலர் முதல் சில வாரங்களுக்குப் பாடமே நடத்துவதில்லை. தானியத்தைக் குறைத்து, உலர்ந்த புல்லையும் பசும்புல்லையும் கூட்டி, மற்றக் குதிரைகளோடு வெளியே விடுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய பாடம் அழிந்துவிடுவதில்லை. புதியது அதன்மேல் ஏறி உட்காருகிறது, அவ்வளவுதான். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதிலேயே பழகியவர் புது வண்டியில் எத்தனை மாதம் ஓட்டியிருந்தாலும், குறுக்கே ஆடு ஓடிவந்தால் கால் பழைய இடத்தைத்தான் தேடும். குதிரைக்கும் அதேதான். ஒலிபெருக்கி அலறும் போட்டி மைதானத்திலோ, நாலைந்து குதிரைகள் சேர்ந்து ஓடும் திறந்த வெளியிலோ பழைய விடை மீண்டும் தலைதூக்கும். அப்போது அதட்டுவதில் பயனில்லை. இறங்கி, ஒதுக்குப்புறமாக நடத்திப்போய், கயிற்றை லேசாக அழுத்தி ஓர் அடி பின்னால் கேட்கிறார்கள். தந்ததும் விடுகிறார்கள். மறுபடியும் கேட்கிறார்கள். பிரிட்டனில் இத்தகைய குதிரைகளுக்காகவே 2000ஆம் ஆண்டு ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. மறுபயிற்சி பெற்ற குதிரைகள் இன்று அங்கே போலோவிலும் தாண்டும் போட்டிகளிலும் கலந்துகொள்கின்றன. அவற்றில் சில, ஆள் ஏறும்போது இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கத்தான் செய்கின்றன.