ஜெஸ்சர் டிராயிங் 'சைகை ஓவியம்' அல்ல

நடனக் கலைஞர்களும் மனித உருவம் வரையும் ஓவியர்களும் ஒரே அறையில் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில், 'ஜெஸ்சர் டிராயிங்' (gesture drawing) என்பதன் மொழிபெயர்ப்பாக 'சைகை ஓவியம்' என்ற சொல் ஓயாமல் வருகிறது. 'நடனமணியின் சைகைகளை ஓவியர்கள் விரைவாக வரைந்தார்கள்' என்று படிப்பவருக்கு என்ன தோன்றும்? கை முத்திரைகளை வரைந்தார்கள் என்றுதான். அங்கே நடந்தது அது அல்ல. உடல் முழுவதும் நிற்கிற, அசைகிற விதத்தைச் சில கோடுகளில் விரைவாகப் பிடிக்கும் பயிற்சி அது.

ஜெஸ்சர் என்ற சொல்லுக்கு வேர் இலத்தீனின் 'கெரெரே'. சுமத்தல், தாங்குதல், நடத்துதல் என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் அது உடலைத் தாங்கி நிற்கிற, நடக்கிற விதத்தைத்தான் குறித்தது. கையசைவு என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஓவியர்கள் பயன்படுத்துவது அந்தப் பழைய பொருளுக்கு நெருக்கமானது. நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் என்ற ஓவியப் பள்ளியில் கற்பித்த கிமோன் நிகோலைடஸ் இந்தப் பயிற்சியைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர். அவர் மறைந்தபின் 1941இல் வெளிவந்த பாடநூல் சொல்வதன் சாரம் இது: பொருள் எப்படித் தெரிகிறது என்பதை வரையாதே, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை வரை.

சரி, சைகை என்றால் என்ன? ஒருவர் இன்னொருவருக்குக் குறிப்பால் சொல்லும் செய்தி. 'வா' என்று கையசைப்பது, 'பேசாதே' என்று உதட்டில் விரல் வைப்பது. சைகைக்கு ஒரு பொருள் வேண்டும், அதைப் புரிந்துகொள்ள எதிரில் ஓர் ஆள் வேண்டும். ஓவியர் தேடும் ஜெஸ்சருக்கு இரண்டுமே வேண்டாம். தூங்குகிறவர் உடலிலும் அது உண்டு. ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கும்போது அந்தப் பக்க இடுப்பு உயர்கிறது, அதே பக்கத் தோள் இறங்குகிறது, நடுவில் முதுகெலும்பு வளைகிறது. முப்பது வினாடியிலோ இரண்டு நிமிடத்திலோ ஓவியர் பிடிக்கப் பார்ப்பது இந்த வளைவை. விரல்களை அவர் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

நடனக்காரர்கள் பக்கம் போனால் குழப்பம் இன்னும் கூடுகிறது. நடனக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபன் 1928இல் வெளியிட்ட, அசைவுகளைத் தாளில் எழுதிவைக்கும் நடனக் குறியீட்டு முறையில் ஜெஸ்சர் என்றால் எடை தாங்காத உறுப்பின் அசைவு. தரையில் ஊன்றிய கால் தாங்கல், காற்றில் வீசும் கால் ஜெஸ்சர். ஓவியருக்கோ எடை எங்கே இறங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒரே சொல், ஏறக்குறைய எதிரெதிர்ப் பொருள். இருவரும் கூடிச் செய்யும் வேலையைத் தமிழில் சொல்லும்போது இரண்டுக்கும் 'சைகை' என்றே எழுதினால், எழுதியவர் இரண்டையும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். லாபனின் சொல்லுக்கு 'உறுப்பசைவு' போதும்.

தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலர் 'மெய்ப்பாட்டு ஓவியம்' என்கிறார்கள். அழகான சொல், ஆனால் இடம் மாறி வந்திருக்கிறது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகள் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டும் உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவது. வாளி தூக்குகிறவர் உடலில் என்ன மெய்ப்பாடு? ஒன்றும் இல்லை. ஜெஸ்சர் மட்டும் நிறைய இருக்கிறது. இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு வரும் நடனக் கலைஞர் முகபாவத்தோடு அசையாமல் நிற்பார். ஓவியர் அவரை நகரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும். 'விரைவோவியம்' என்பதும் தேறாது. வேகம் ஒரு வழிமுறை மட்டுமே. கேலிச்சித்திரத்தையும் விரைவாக வரையலாம்.

1906இல் கம்போடிய அரசவை நடனக் குழு பிரான்சுக்கு வந்தது. சிற்பி ரொதான் பாரிசில் அவர்களைப் பார்த்துவிட்டு மார்செய் வரை பின்னாலேயே போனார். சில நாட்களில் ஏறக்குறைய 150 ஓவியங்கள் வரைந்தார். தாளைப் பார்க்காமல், கண்ணை ஆடுபவர் மேலேயே வைத்துக் கோட்டை ஓடவிடுவது அந்தக் காலத்தில் அவர் வழக்கம். அந்த ஓட்டம்தான் நாம் தேடும் சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

அதனால் 'மெய்யோட்டம்' என்பதே என் தேர்வு. வரையும் பயிற்சிக்கு 'மெய்யோட்ட வரைவு'. மனவோட்டம், எண்ணவோட்டம் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது அந்நியமாக இருக்காது. 'மெய்' உடலைக் குறிக்காது என்பவர்கள் மெய்சிலிர்ப்பதையும் மெய்க்காப்பாளரையும் நினைத்துக்கொள்ளட்டும். 'உடலோட்டம்' இன்னும் எளிது, ஆனால் காலை ஓட்டப்பயிற்சி போலக் கேட்கிறது. இதில் மனம் ஒப்பாதவர்கள் 'ஜெஸ்சர் டிராயிங்' என்றே தமிழ் எழுத்தில் எழுதலாம். தவறான தமிழ்ச் சொல்லைவிடப் புரிகிற கடன்சொல் மேல்.

அப்புறம், இதே குறிப்புகளில் 'கொலாபரேஷன்' (collaboration) என்பதை மொழிபெயர்த்து 'நடனமணி ஒத்துழைப்பு வழங்கினார்' என்று ஒரு வரியும் வரும். விசாரணைக்கு ஒத்துழைப்பு வழங்குவார்கள். இங்கே என்ன விசாரணை? ஓவியரின் கோடு எங்கே தொடங்க வேண்டும் என்பதை ஆடுகிறவர் தன் உடலால் முடிவு செய்கிறார். தவறவிட்டதைப் பிடிக்க வசதியாக அதே அடவை மறுபடியும் ஆடிக் காட்டுகிறார். இது கூட்டுப்படைப்பு. அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளர், படைப்பில் பாதியைச் செய்தவரை உதவிக்கு வந்தவராக்கிவிடுகிறார்.